வேருக்கு ஒரு சிநேகிதி

அதியமான் ஔவைப் பாட்டிக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஆனால் அந்த நெல்லி மரத்துக்குச் சோறு போட்டது யார்? ஒரு பூசணம்!

முகம் சுளிக்காதீர்கள். ஊறுகாய் ஜாடியில் பூத்து உங்கள் உழைப்பைப் பாழாக்குகிறதே, அதற்குத் தூரத்து உறவுதான். ஆனால் இது குடும்பப் பாங்கானது. நெல்லி, மா, புளி மூன்றின் வேருக்குள்ளும் குடியிருக்கிறது. தலைமயிரைவிட மெல்லிய இழைகளை வெளியே மண்ணில் ஓடவிட்டு, வேருக்கு எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கூலி, இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கு. இந்தக் கொடுக்கல் வாங்கல் சுமார் 40 கோடி ஆண்டுப் பழக்கம் என்று கல்லாய்ப்போன செடிகள் சாட்சி சொல்கின்றன. பிராங்க் என்ற ஜெர்மானியத் தாவர நிபுணர் 1885-ல் இத்தகைய உறவுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். நம்மவர்கள் ‘வேர் உட்பூசணம்’ என்கிறார்கள்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்புகளுக்கு இதன் தயவு மிகவும் வேண்டும். செம்மண்ணிலுள்ள இரும்பு, போட்ட மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. கஞ்சன் கைப் பணந்தான்!

“அப்படியானால் சூப்பர் பாஸ்பேட்டைக் கூடை கூடையாகக் கொட்டினால் போயிற்று” என்பீர்கள். அங்கேதான் வினை. வருஷா வருஷம் கொட்டி மணிச்சத்து தாராளமாகிவிட்டால், மரம் தானே எடுத்துக்கொள்கிறது. பூசணத்துக்குச் சர்க்கரை அளப்பதைக் குறைத்துவிடுகிறது. சம்பளம் நின்ற வீட்டில் எந்தச் சமையற்காரி இருப்பாள்? கடன் வாங்கி உரம் போடும் மானாவாரிக் குடியானவருக்கு இது சின்ன விஷயமல்ல. காசு கொடுத்ததில் பெரும் பகுதியை மண் பிடித்துக்கொள்ள, காசில்லாமல் உழைத்தவளையும் விரட்டியாயிற்று.

உரமே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அளவுதான் பேச்சு. மட்கிய தொழு உரத்தில் பூசணம் பெரும்பாலும் செழிக்கிறது. ஆழ உழுதால் இழைகள் அறுந்துபோகின்றன.

போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரம் வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்றும் கன்றுகள் தேறவில்லை. 1955-ல் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து சேர்த்த பிறகே பிழைத்தன. பைனுக்கு உறவான பூசணம் வேறு ஜாதி, கதை ஒன்றுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பையில் வளரும் கன்றுக்கு 5 முதல் 10 கிராம், வளர்ந்த மரத்துக்கு 200 கிராம் பூசணக் கலவை என்று கணக்குச் சொல்கிறது. உங்கள் மாடித் தொட்டி மாங்கன்றுக்கும் தாராளமாக இடலாம். கடுகுக்கும் முட்டைக்கோசுக்கும் போட்டு மட்டும் வீணாக்காதீர்கள். அந்தக் குடும்பத்தார் இந்தப் பூசணத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை.