பழவேற்காட்டு மணலுக்கு எந்த பைக் சரி? சி.சி-யைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்க!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இரண்டையும் ஒட்டி மீனவக் குப்பங்கள். இங்கே தார் ரோடு முடிந்தால் மணல், மணல் முடிந்தால் சேறு. ஐஸ் கரைவதற்குள் மீனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதால், பைக் இங்கே பிழைப்புக்கான கருவி. வார இறுதியில் சென்னையிலிருந்து வரும் இளைஞர்களுக்கோ அது சாகசம். இரு தரப்பினரின் கண்ணும் இப்போது ‘டூயல் ஸ்போர்ட்’ பைக்குகள் மீதுதான்.

அது என்ன டூயல் ஸ்போர்ட்?

தார் ரோடு, கரடுமுரடான பாதை இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்ட பைக். ஹீரோ நிறுவனம் 2011-ல் ‘இம்பல்ஸ்’ என்ற பெயரில் இந்த வகையைக் கொண்டுவந்தது. அது பெரிதாக விற்கவில்லை. 2019-ல் வந்த ‘எக்ஸ்பல்ஸ் 200’தான் சாதாரணக் குடும்பத்து இளைஞர்களிடம் இதைக் கொண்டுசேர்த்தது. முன்சக்கரம் 21 இன்ச். தரைக்கும் இன்ஜினுக்கும் நடுவே 220 மி.மீ. இடைவெளி. ஸ்ப்ளெண்டரில் இது 165 மி.மீ.தான். பெரிய சக்கரம் பள்ளத்தில் சட்டென்று இறங்காது. உயரமான அடிப்பாகம் கல்லில் இடிக்காது.

எடைதான் முதல் கேள்வி

‘எத்தனை சி.சி.?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மணலில் பைக் சாய்ந்தால் தனி ஆளாக உங்களால் தூக்க முடியுமா? கேட்க வேண்டியது இதுதான். ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் ‘ஹிமாலயன் 450’ நெடுந்தூரப் பயணத்துக்கு அருமையான வண்டி. ஆனால், எடை 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோ. கடற்கரைக் கிராமங்களில் மீன் கூடையோடு மணலைக் கடக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ன் எடை 90 கிலோகூட இல்லை. அதன் வெற்றி ரகசியமே அதுதான்.

அடுத்தது சீட் உயரம். எக்ஸ்பல்ஸ் 200-ல் 825 மி.மீ. உயரம் குறைந்தவர்களுக்கு நுனிக்கால்தான் எட்டும். மணலில் நிற்கும்போது கால் ஊன்ற முடியாவிட்டால் விழுவது உறுதி. அம்மாவோ மனைவியோ பின்னால் உட்கார்ந்து சந்தைக்கு வருபவர் என்றால், அவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

தவணையை யோசியுங்கள்

பழவேற்காட்டில் ‘பாடு’ முறை உண்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைத்துத் தொழில் செய்வார்கள். முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலும், புயல் எச்சரிக்கை வந்தாலும் வருமானம் குறையும். தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். நல்ல மாத வருமானத்தை வைத்துக் கடன் வாங்காமல், மோசமான மாதத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போடுங்கள்.

மணலில் ஓட்டுவது எப்படி?

* பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம். பத்திருபது அடி தள்ளியே இருக்கட்டும்.

* ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்சக்கரம் லேசாக அலைபாய்வது இயல்பு.

* உடல் எடையைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஆக்ஸிலரேட்டரைச் சீராகக் கொடுங்கள்.

* மணலில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் புதைந்து கவிழ்ந்துவிடும். வேகத்தைக் குறைத்தாலே மணல் வண்டியை நிறுத்திவிடும்.

* மீன் பெட்டியைப் பின்னால் உயரமாக அடுக்காதீர்கள். முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். ஐஸ் தண்ணீர் பின் டயரில் ஒழுகாமல் கட்டுங்கள்.

* பின்னால் இருப்பவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் அவசியம். ‘நம்ம ஊருக்குள்ளதானே’ என்ற அலட்சியம் வேண்டாம்.

உப்பு என்கிற எதிரி

உப்புக்காற்று முதலில் செயின், ஸ்போக்ஸ், நட்டு போல்ட்டைத்தான் தின்னும். உப்புநீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு ஆயில் விடுங்கள். கழுவியதும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இங்கெல்லாம் போகாதீர்கள்

ஏரியோரச் சேறு மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். உள்ளே குழம்பாக இருக்கும். சக்கரம் இறங்கினால் எடுப்பது கஷ்டம். கடலோர மணலில் பைக் ஓட்டுவதும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது. டயர் தடத்துக்குள் விழும் ஆமைக்குஞ்சு கடலைச் சேராமலே செத்துப்போகும். காயவைத்த வலைமீது ஏற்றினால், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு கிழிந்துபோகும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள், தார் ரோடு முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ‘அண்ணே, இந்தப் பக்கம் போலாமா?’ என்று குப்பத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மணல் தாங்கும், எது தாங்காது என்று அவர்களுக்குத்தான் தெரியும்!