ஓடாத டயருக்கும் வயதாகும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தடவிப் பார்ப்பார்கள். பட்டன் தேயவில்லை என்றால் புது டயர் என்றே முடிவுகட்டிவிடுவார்கள். ஓடாத டயரில் பட்டன் எப்படித் தேயும்? உள்ளே ரப்பர் கிழடாகிக்கொண்டிருப்பது அதில் தெரியாது.

காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல இறுக்கி, வெடிப்பு விழச் செய்கின்றன. வெயிலில் நிற்கும் காரின் சூடு ஆக்சிஜனின் வேலையை வேகப்படுத்தும். இதைத் தடுக்கத்தான் டயர் ரப்பரில் ஒருவகை மெழுகையும் காப்பு வேதிப்பொருட்களையும் கலக்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் வளைந்து நிமிரும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து படலமாகப் படியும். அசையாமல் கிடக்கும் ஸ்டெப்னிக்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

வயதைத் தெரிந்துகொள்ள, பக்கச்சுவரில் ‘டிஓடி’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் முழுக் குறியீடு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். புரட்டிப் பார்க்க வேண்டிவரும். கார் கம்பெனிகள் பல, 6 ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. 10 தாண்டியதை, எவ்வளவு பளபளத்தாலும், நான் மாட்ட மாட்டேன்.

அடுத்தது காற்று. மாதத்துக்கு 1 அல்லது 2 பிஎஸ்ஐ தானாகவே இறங்கும். 33 வைத்த டயர் ஓராண்டு கழித்து 20க்குப் பக்கத்தில் நிற்கலாம். காற்றழுத்தம் காட்டும் கருவி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது ஸ்டெப்னியைக் கணக்கில் எடுப்பதில்லை. பங்க்கில் காற்றடிக்கும்போதும் அதை விட்டுவிடுகிறோம்; டிக்கியைத் திறந்து சாமான்களை இறக்கச் சோம்பல், அவ்வளவுதான். மெலிந்த தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதற்கு வழக்கமாக 60 பிஎஸ்ஐ வேண்டும், வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இரண்டும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இன்னோவா போல வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் சேறும் தண்ணீரும் பட்டு, இறக்கும் சங்கிலி துருப்பிடித்துவிடும். அவ்வப்போது இறக்கி ஏற்றுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது: டியூப் இல்லாத டயர், அழுத்தம் காட்டும் கருவி, பங்க்சர் ஒட்டும் சாமான்கள் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தச் சாமான்கள் உதவாது. புதுக் கார் எடுப்பவர்கள் டிக்கி விரிப்பைத் தூக்கி, அடியில் சக்கரம் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.