ஓடாத வண்டியின் பற்றரி

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் விதிக்கப்பட்ட ஊரடங்குச் சட்டம் கொழும்பில் மே 26 வரை நீடித்தது. 2022 யூன் இறுதியிலோ, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. இருமுறையும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கீழும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் மோட்டார் வண்டிகள் அசையாது நின்றன.

நிற்கும் வண்டியிலும் மின்சாரம் செலவாகிறது. கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் சிறிது சிறிதாக உறிஞ்சும்; பற்றரி தானாகவும் இறங்கும்; நம் வெப்பம் அதனை விரைவுபடுத்தும். நிறைந்த பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். 12.4க்குக் கீழிறங்கி நெடுநாள் கிடந்தால், ஈயத் தகடுகளிற் படியும் சல்பேற்றுப் படிகங்கள் இறுகிவிடும். பின்னர் மின்னேற்றினும் அவை எளிதிற் கரையமாட்டா.

ஆதலால் மின்னேற்றி வாங்குவோர், அது நிறைந்தவுடன் தானே அடங்குமா என்பதையே முதலிற் கேட்கவேண்டும். மலிவான பழைய வகை அடங்காது. மறந்துவிட்டால் அமிலக் கரைசலின் நீரைப் பிரித்து ஐதரசன் வாயுவை எழுப்பும். காற்றோட்டமற்ற கீழ்த்தளத்தில் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். பராமரிப்பு மின்னேற்றியோ 13.5 வோல்ற்றளவில் நின்று, இழந்ததை மட்டும் ஈடுசெய்யும். அதற்கு ஓர் அம்பியரே போதும். முற்றாக இறங்கிய 40 அம்பியர்மணிப் பற்றரியை ஏற்றுவதற்கு நான்கு அம்பியர் பொருந்தும். கலப்பின மின் கார்கள் சிலவற்றில் கண்ணாடியிழைப் பாய் வைத்த பற்றரி உண்டு. அதற்குரிய அமைப்பு கருவியில் இருத்தல் அவசியம்.

தொடர்மாடியில் மின்செருகி எட்டாதோர், எதிர்முனையை முதலிற் கழற்றிப் பற்றரியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, காற்றோட்டமான இடத்தில் ஏற்றலாம். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இயந்திரத்தை உறுமவிடுவது பெற்றோலுக்குத்தான் கேடு.