நாட்டின் பெயரால் பாடும் பிள்ளை

ஒரு நாடு தன் பெயரால் மேடையேறிப் பாடுவதற்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது, உண்மையில் அது எதனைத் தேர்ந்தெடுக்கின்றது? இனிய குரலையா, நல்ல பாட்டையா, அன்றி அப்பிள்ளையின் வாயில் வழங்கும் மொழியையா? ஐரோப்பிய நாடுகள் பல 2003ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் இவ்வினாவுக்கு விடை தேடி வருகின்றன. இலங்கை அத்தகைய சர்வதேசச் சிறுவர் பாட்டுப் போட்டியிற் பங்குபற்றியதில்லை. ஆயினும் இவ்வினா இலங்கைக்கு அந்நியமானதன்று. அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்திலே, கல்முனையையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த பிள்ளைகள் பாடசாலைப் போட்டி என்னும் ஏணியிற் படிப்படியாக ஏறி, நாட்டின் முன்னிலையில் தம் குரலை நிறுத்த முயல்கின்றனர். பிற நாடுகள் கண்ட முறைகளை அறிந்துகொண்டால், இக்கரையோரத்துப் பிள்ளைக்கு எது நியாயம் என்பதும் தெளிவாகும்.

இளையோர் யூரோவிஷன் என வழங்கும் அப்போட்டிக்கு வித்திட்ட நாடு டென்மார்க். அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனம் 2000ஆம் ஆண்டிற் சிறுவர்க்கென்றே ஒரு பாட்டுப் போட்டியை நடத்திற்று. 2002ஆம் ஆண்டில் டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளும் கூடி அதனை விரிவாக்கின. அடுத்த ஆண்டில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. 2003 நவம்பர் 15ஆம் நாள் கொப்பன்ஹேகன் நகரில் நடந்த முதற் போட்டியில் 16 நாடுகள் கலந்துகொண்டன. குரோஷியாவைச் சேர்ந்த டினோ ஜெலூசிச் என்னும் 11 வயதுச் சிறுவன் வெற்றி பெற்றான். பின்னர் ஐரோப்பாவுக்கு அப்பாலிருந்து அவுஸ்திரேலியா 2015இலும், கசகஸ்தான் 2018இலும் முதன்முறையாக வந்து சேர்ந்தன.

இப்போட்டியின் விதிகள் மாறிவந்த வரலாறு கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் 8 முதல் 15 வயது வரையுள்ளோர் பாடலாம் என்றிருந்தது. 2007இல் அது 10 முதல் 15 வரை எனவும், 2016இல் 9 முதல் 14 வரை எனவும் மாற்றப்பட்டது. முதல் ஆண்டுகளிற் பாட்டை இயற்றுவோரும் சிறுவராகவே இருத்தல் வேண்டும் என்பது விதி. 2008 முதல் பெரியோர் துணை செய்யலாம் என அவ்விதி தளர்த்தப்பட்டது. பாட்டின் மெருகு அதனாற் கூடியிருக்கலாம். ஆனால் பிள்ளை தானே கட்டிய பாட்டுக்கும், பெரியவர் கட்டிக் கொடுத்துப் பிள்ளை பாடும் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு கேட்போர் செவிக்குத் தெரியாமற் போவதில்லை.

பங்குபற்றும் நாடுகள் தம் பாடகரைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒலிபரப்பு நிறுவனமே உள்ளுக்குள் ஆராய்ந்து ஒருவரைப் பெயர் குறித்து அனுப்புவது. பிரான்சு பெரும்பாலும் இம்முறையையே கையாண்டு 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெற்றி கண்டது. இரண்டாவது, விண்ணப்பித்தோருட் சிலரைப் பொறுக்கியெடுத்து, ஒரே இரவில் இறுதிச் சுற்று நடத்துவது. மூன்றாவது, பல வாரங்கள் தொடர்ந்து பாடவைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுத் தெரிவது. ஜோர்ஜியா 2017 முதற் பல ஆண்டுகள் ‘ரானினா’ என்னும் தொலைக்காட்சித் தொடர் வழியாக இவ்வாறு தேர்ந்தது. நாற்பது இலட்சத்துக்கும் குறைந்த மக்களையுடைய அச்சிறு நாடு 2008, 2011, 2016, 2024 என நான்கு முறை முதலிடம் பெற்றிருக்கின்றது.

மூன்று முறைகளுக்கும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. உள்ளுக்குள் தெரிவதாற் பிள்ளைக்குப் பொதுமேடையில் தோற்கும் வேதனை இல்லை. ஆனால் நிறுவனத்தாரின் செவிக்கு எட்டாத ஊரிலுள்ள பிள்ளைக்கு அங்கே வழியே இல்லை. ஒரே இரவில் நடக்கும் போட்டி எல்லோர் கண்முன்னும் நடப்பதால் நம்பிக்கை தரும். எனினும் அன்று தொண்டை கட்டிய பிள்ளையின் ஓராண்டு உழைப்பு மூன்று நிமிடத்திற் கரைந்துவிடும். வாரக்கணக்கிற் கேட்பது குரலின் உண்மைத் தரத்தைக் காட்டும். அதற்கு விலையாகப் பிள்ளை பள்ளியையும் விளையாட்டையும் துறக்க நேரும்.

அடுத்து வருவது, தீர்ப்பவர் யார் என்னும் வினா. நடுவர் குழு மட்டும் தீர்த்தால் அவர்கள் கற்ற இசை எதுவோ அதுவே அளவுகோலாகிவிடும். மக்கள் வாக்கு மட்டும் தீர்த்தால் எந்த ஊரில், எந்த மொழியில் ஆட்கள் மிகுதியோ அவர்களே வெல்வர். ஆகவே இளையோர் யூரோவிஷன் 2017 முதல் நடுவர் புள்ளியையும் இணைய வாக்கையும் சமபாதியாகச் சேர்த்தது. இணையத்தில் வாக்களிப்பவர் தம் நாட்டுப் பாட்டுக்கும் வாக்களிக்கலாம். ஆனால் அந்த ஒரு பாட்டோடு நிறுத்திவிட முடியாது. குறைந்தது மூன்று பாடல்களைத் தெரிந்தாக வேண்டும். தன் பிள்ளையைப் பாராட்டுவோன் அயலான் பிள்ளைக்கும் செவி கொடுக்கட்டும் என்பதே இவ்விதியின் கருத்து எனலாம். இன்னொரு விதியும் போற்றத்தக்கது. 2005 முதல் 2015 வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கத்திலேயே 12 புள்ளிகள் வழங்கப்பட்டன. எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு வீடு திரும்பலாகாது என்ற இரக்கம் அதிலே இருந்தது.

இனி மொழியைப் பார்ப்போம். அயர்லாந்தில் அன்றாட வாழ்விற் பெரும்பாலோர் பேசுவது ஆங்கிலம். ஐரிஷ் மொழி அங்கே அரசியல் யாப்பின்படி முதல் மொழியாயினும், வழக்கிற் சிறுபான்மை மொழியே. ஆயினும் அந்நாடு 2015ஆம் ஆண்டு முதன்முதலாக இப்போட்டிக்கு வந்தபோது, ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியாகிய ரி.ஜி.4 நிறுவனமே தேர்வை நடத்திற்று. பிள்ளை ஐரிஷ் மொழியிலேயே பாடிற்று. 2022இல் யெரவான் நகரில் சோபி லெனன் என்னும் சிறுமி அம்மொழியிற் பாடி நான்காம் இடத்தைப் பெற்றாள். வேல்ஸ் நாட்டின் கதையும் இதனை ஒத்ததே. எஸ்.4.சி. என்னும் வேல்ஸ் மொழித் தொலைக்காட்சி 2018இல் ஒரு தேர்வு நிகழ்ச்சியை நடத்தி, வென்ற சிறுமியை மின்ஸ்க் நகருக்கு அனுப்பிற்று. அங்கே 20 நாடுகளுள் வேல்ஸ் கடைசி இடத்தையே பெற்றது. ஆனாலும் அடுத்த ஆண்டும் வேல்ஸ் மொழியிற் பாடவே ஒரு பிள்ளை சென்றது. பெல்ஜியத்திற் பெரியோருக்கான யூரோவிஷன் போட்டிக்கு டச்சு மொழி நிறுவனமும் பிரெஞ்சு மொழி நிறுவனமும் ஆண்டுக்கொருவராக மாறி மாறிப் பொறுப்பேற்கின்றன. இவையெல்லாம் ஒரு செய்தியைச் சொல்கின்றன. இருமொழி வழங்கும் நாட்டிலே தேர்வு முறையைத் திட்டமிட்டு வகுத்தாலன்றி, எண்ணிக்கையிற் பெரிய மொழியே நாட்டின் குரல் எனக் கொள்ளப்பட்டுவிடும்.

இந்தச் செய்தி இலங்கைக்கு மிகப் பொருந்தும். 1987ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியல் யாப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர் ஆகிய மூவகையினரும் சேர்ந்து மக்கள் தொகையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினர். வெறும் வாக்கெண்ணிக்கையால் ஒரு பிள்ளையைத் தேர்வதாயின், தமிழிற் பாடும் பிள்ளை எத்துணை இனிமையாகப் பாடினும் வெல்வது அரிது.

கல்முனைக் கரையோரம் இவ்வகையில் தனித்த இயல்புடையது. வடக்கே நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனை, பின்னர் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள் கடலோரமாகத் தொடர்கின்றன. அவற்றினிடையே தமிழ்க் கிராமங்களும் அமைந்துள்ளன. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவேயுள்ள காரைதீவு, பழந்தமிழர் இசையை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊராகும். மேற்கே வயல்வெளி, கிழக்கே கடல். இரண்டுக்கும் நடுவே வாழும் மக்களின் வாயிற் பாட்டு என்றும் இருந்தே வந்திருக்கின்றது.

கழனியில் இரவுக் காவலிருந்தோர் பரணிலிருந்து பாடிய கவி, சூடு மிதிக்கும் களத்தில் எழுந்த பொலிப் பாட்டு, மச்சானும் மச்சியும் எதிரெதிர் பாடுவதாக அமைந்த காதற் கவி, உம்மம்மா தொட்டிலாட்டிப் பாடிய தாலாட்டு ஆகியன இக்கரையோர முஸ்லிம்களின் வாய்மொழிச் செல்வம். வாத்தியத் துணையின்றிக் குரலொன்றையே நம்பி நிற்பது கவி. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் இவற்றைத் தேடித் தொகுத்து அழியாது காத்தனர். இவையன்றிக் கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழா, பள்ளிகளில் மெட்டோடு ஓதப்படும் மௌலூது, றபான் கொட்டிப் பாடும் பைத்து, பொல்லடி ஆகியவற்றினாலும் பிள்ளைகளின் செவி பண்படுகின்றது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, பிள்ளையின் குரலைப் பழக்குவது குர்ஆன் பள்ளிக்கூடம். ஓதல் வேறு, பாட்டு வேறு. ஓதலைப் பாட்டென்று மார்க்கம் அறிந்த எவரும் கூறார். ஆயினும் எழுத்து ஒவ்வொன்றையும் அதன் பிறப்பிடத்திலிருந்து ஒலிக்கவும், நீட்ட வேண்டிய இடத்தில் அளவாக நீட்டவும், மூச்சை அடக்கி உரிய இடத்தில் நிறுத்தவும் அப்பிள்ளை ஆறேழு வயதிலேயே கற்றுவிடுகின்றது. இசையாசிரியர் பின்னாளிற் பாடுபட்டுக் கற்பிப்பனவற்றுட் பலவும் அங்கே வேறொரு நோக்கத்தால் முன்னரே கைவந்துவிடுகின்றன. இசையையும் வாத்தியத்தையும் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வளர்ந்துவரும் பெண்பிள்ளை மேடையிற் பாடுவதைச் சில குடும்பங்கள் விரும்புகின்றன, சில விரும்பவில்லை. இதனையும் மனத்திற் கொள்ளாத தேர்வு முறை, பல நல்ல குரல்களை வாசலிலேயே இழந்துவிடும்.

இக்குரல்கள் நாட்டின் செவியை அடைவதற்கு இன்றுள்ள பெருவழி, கல்வி அமைச்சு நடத்தும் அகில இலங்கைத் தமிழ் மொழித் தினப் போட்டியாகும். பாவோதல், பேச்சு, இசை, நடனம், நாடகம், வில்லுப்பாட்டு எனப் பல துறைகள் அதில் உண்டு. பாடசாலையில் வென்ற பிள்ளை கோட்டத்துக்கும், பின் வலயத்துக்கும், மாகாணத்துக்கும், இறுதியில் தேசிய மட்டத்துக்கும் செல்கின்றது. வயதுக்கேற்பப் பிரிவுகள் இருப்பதால் ஏழு வயதுக் குழந்தையோடு பதினேழு வயது மாணவன் மோதுவதில்லை. ஒவ்வொரு படியிலும் புதிய நடுவர் கேட்கின்றனர். ஊர்தோறும் சென்று செவிமடுக்கும் முறை என்ற அளவில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் முறைக்கு இது இளைத்ததன்று.

ஆயினும் இரு குறைகள் உள. முதலாவது தூரம். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகின்றது. கல்முனையிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழிப் பயணம். இரவு முழுவதும் பேருந்திற் குலுங்கி, விடியலில் இறங்கிப் பாடும் பிள்ளையும், நகரத்திலே தன் வீட்டிற் படுத்தெழுந்து வரும் பிள்ளையும் ஒரே நிலையில் மேடையேறுவதில்லை. இரண்டாவது அளவுகோல். தமிழ் மொழி மூலப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் சங்கீதம் கர்நாடக சங்கீதமே. முஸ்லிம் பாடசாலைகள் பலவற்றில் அழகியற் பாடமாகச் சித்திரத்தைப் பயில்வோரே மிகுதி. ஆகவே கவியிலும் கஸீதாவிலும் பழகிய குரல், இராகமும் தாளமும் கற்றறிந்தோர் முன்னே தன் செல்வத்தைக் காட்ட மொழியற்று நிற்கின்றது. கர்நாடக இசையின் பெருமை இதனாற் குறைவதன்று. ஒரு துலாக்கோலால் எல்லாப் பண்டத்தையும் நிறுக்க முடியாது என்பதே இங்கு அறியத்தக்கது.

நாளை இலங்கை ஒரு சர்வதேச மேடைக்குத் தன் இளம் பாடகரை அனுப்ப எண்ணுமாயின் செய்யத்தக்கன இவற்றிலிருந்தே விளங்கும். இரு மொழிகளுக்கும் ஆண்டுமுறை வகுக்கலாம், அன்றி இரு மொழிப் பிள்ளைகளும் சம எண்ணிக்கையில் இறுதிச் சுற்றை அடைய வழிசெய்யலாம். பிள்ளையைத் தலைநகருக்கு அழைப்பதன் முன் நடுவர் மாகாணங்களுக்குச் செல்லலாம். நடுவர் குழுவில் நாட்டார் பாடலை அறிந்த ஒருவரேனும் இருக்கலாம். வாக்களிப்பவர் தம் மொழிப் பாட்டோடு பிற மொழிப் பாட்டொன்றையும் தெரியும்படி விதிக்கலாம். அவ்வாறாயின் காலி நகரத்துச் சிறுவனின் சிங்களப் பாட்டைச் சாய்ந்தமருதுக் குடும்பம் கேட்கும். மருதமுனைச் சிறுமியின் தமிழ்ப் பாட்டை மாத்தறைக் குடும்பம் கேட்கும். வெற்றி எவருக்காயினும், அந்தக் கேட்டலே நாட்டுக்குக் கிடைக்கும் பேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாடவருவது பிள்ளை என்பதை மறத்தலாகாது. 9 முதல் 14 வரையுள்ள வயதிலேதான் இலங்கைப் பிள்ளைக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வருகின்றது. அதே வயதிலேதான் ஆண்பிள்ளையின் குரல் உடையத் தொடங்குகின்றது. ஓராண்டு வெண்கல மணிபோல ஒலித்த தொண்டை மறு ஆண்டு கரகரக்கும். அப்போது ஊரும் பாடசாலையும் அப்பிள்ளையைக் கைவிட்டுவிடுமாயின், முன்னைய பாராட்டே அதற்குத் துயராகிவிடும். ஒருவர் தெரிவாகும் போட்டியிற் பலர் தோற்றுத்தான் ஆகவேண்டும். தோற்ற பிள்ளைகள் மறுநாள் தம் வகுப்பறையிலும், தம் ஊர் விழாவிலும், தம் வீட்டுத் திண்ணையிலும் முன்போலவே பாடுகின்றனவா என்று பார்த்தால், அத்தேர்வு முறை நல்லதா அல்லதா என்பது எளிதில் விளங்கிவிடும்.