சுறா வரும் பின்னே, இசை வரும் முன்னே!

"யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே" என்பார்கள். யானை கண்ணில் படாவிட்டாலும், மணிச் சத்தம் கேட்டதும் வழியில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

சினிமாவில் பின்னணி இசை செய்யும் வேலையும் இதுதான். கண்ணுக்குத் தெரியாததை அது காதுக்குச் சொல்கிறது. இதற்கு நல்ல உதாரணம், 1975-ம் ஆண்டில் வெளிவந்த "ஜாஸ்" என்ற அமெரிக்கப் படம்.

கடற்கரை ஊர் ஒன்றில் குளிக்க வருகிறவர்களை ஒரு பெரிய சுறாமீன் கொல்கிறது. மூன்று பேர் படகு ஏறிச் சென்று அதை வேட்டையாடுகிறார்கள். இதுதான் கதை.

எந்திரச் சுறா

படத்தின் டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 27.

படத்துக்காக எந்திரச் சுறாக்களைச் செய்தார்கள். கடலில் இறக்கியதும், உப்புநீர் பட்டு அவை பழுதாயின. ஒன்று மூழ்கியே போயிற்று!

55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. செலவு இரு மடங்குக்கு மேல் ஏறியது. தன் சினிமா வாழ்வே முடிந்தது என்று ஸ்பீல்பெர்க் கலங்கினார்.

சுறா இல்லாமல் சுறாக் கதையை எப்படிச் சொல்வது?

பல காட்சிகளைச் சுறாவைக் காட்டாமலே எடுத்தார். தண்ணீர் தெரியும். நீந்துகிறவரின் கால்கள் தெரியும். சுறா தெரியாது.

டைரக்டர் சிரித்தார்

இசை அமைத்தவர் ஜான் வில்லியம்ஸ். அவர் பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திக் காட்டினார். ஸ்பீல்பெர்க் சிரித்துவிட்டார். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தார்!

அந்த இரண்டு சுரங்களையும் செல்லோ, டபிள் பாஸ் என்ற பெரிய பிடில்களில் வாசித்தார்கள். அவை அடிக்குரலில் உறுமின. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, இன்னும் வேகமாக! சுறா நெருங்கி வருவதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பொய் சொல்லாத இசை

ஒரு காட்சியில் இரண்டு சிறுவர்கள், அட்டையால் செய்த சுறாத் துடுப்போடு நீந்திக் குறும்பு செய்கிறார்கள். கரையெங்கும் கூச்சல். ஆனால் அந்த இசை ஒலிக்கவில்லை. பொய்ச் சுறாவுக்கு இசை கிடையாது!

இசை வந்தால்தான் சுறா வரும் என்று நம் காது பழகிவிடுகிறது. அதைத்தான் பிறகு மாற்றுகிறார்கள். படகில் நிற்கும் போலீஸ் அதிகாரி, கடலில் இரையை அள்ளிப் போடுகிறார். இசை இல்லை. ஆபத்தும் இல்லை என்று நாம் இருக்கும்போது, சுறா திடீரென்று தலையை நீட்டுகிறது! இசை எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்பது போலவே, எந்த இடத்தில் மௌனமாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு கலை.

அந்த இசைக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. படத்தின் வெற்றியில் பாதி இசையால் வந்தது என்று ஸ்பீல்பெர்க் பிற்காலத்தில் சொன்னார். முதலில் சிரித்தவரும் அவர்தான்!

வீட்டில் பயங்கரமான படம் பார்க்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். சத்தத்தை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்த குழந்தை மெதுவாக வெளியே எட்டிப் பார்க்கும்!