நோயெதிர்ப்புச் சிகிச்சையில் செவிலியரின் பங்கு

நோயெதிர்ப்புச் சிகிச்சை என்பது புற்றுநோய் உயிரணுக்களை அழிக்க நோயாளியின் சொந்த எதிர்ப்பாற்றலையே பயன்படுத்தும் மருத்துவ முறையாகும். இச்சிகிச்சையின் பக்கவிளைவுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவது புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியரின் முதன்மைப் பணிகளுள் ஒன்று.

பின்னணி

டி-உயிரணுக்கள் அளவுமீறிச் செயல்படாதவாறு சிடிஎல்ஏ-4, பிடி-1 முதலிய புரதங்கள் தடுக்கின்றன. இத்தடையை மருந்தால் விலக்கினால் அவை புற்றுநோயைத் தாக்கும். இதற்கு அடிப்படையான ஆய்வுகளுக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவரும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். இவ்வகையில் முதல் மருந்தான இப்பிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும், தடை நீங்கிய உயிரணுக்கள் தோல், குடல், கல்லீரல், நுரையீரல், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றையும் தாக்கக்கூடும்.

கண்காணிப்பு

இப்பக்கவிளைவுகள் எப்போது தோன்றும் என்று நாள் குறிக்க இயலாது. சில வாரங்களில் வரலாம். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். பெம்புரோலிசுமாப் மருந்தைச் சிரைவழி ஏற்ற அரைமணி நேரமே ஆகிறது. அடுத்த தவணை மூன்று அல்லது ஆறு வாரங்களுக்குப் பின்னரே. இடைப்பட்ட நாள்களில் நோயாளி வீட்டில் இருப்பதால், தொலைபேசியில் செவிலியர் கேட்கும் கேள்விகள் மிக முக்கியமானவை.

வயிற்றுப்போக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு எத்தனை தடவை கூடுதலாகப் போகிறது என்பதைக் கொண்டு அது தரப்படுத்தப்படுகிறது: நான்குக்குக் குறைந்தால் முதல் தரம், 4 முதல் 6 வரை இரண்டாம் தரம், 7 அல்லது அதற்கு மேல் மூன்றாம் தரம். எனவே நோயாளியின் வழக்கம் என்ன என்பதைச் சிகிச்சைக்கு முன்பே செவிலியர் குறித்து வைத்திருக்க வேண்டும். இல்லையேல் ஒப்பிட ஒன்றுமில்லை. நோயாளி தாமாகவே கடையில் மாத்திரை வாங்கி அடக்கிக்கொண்டால், குடலழற்சி வெளித்தெரியாமல் முற்றிக் குடலில் துளை விழவும் கூடும்.

சாதாரணக் களைப்பாகத் தோன்றுவது தைராய்டு அல்லது அண்ணீரகச் சுரப்பியின் பாதிப்பாக இருக்கலாம். புதிதாக வந்த வறட்டு இருமலும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

நோயாளிக்கு விளக்குதல்

பலர் இதனையும் கீமோதெரபி என்றே சொல்கின்றனர். அவசரப் பிரிவில் அவ்வாறு கூறினால், மருத்துவரின் கவனம் வெள்ளணுக் குறைவின் பக்கம் திரும்பக்கூடும். இங்கோ பெரும்பாலும் தேவைப்படுவது எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு. ஆகவே மருந்தின் பெயர் பொறித்த அட்டையை நோயாளி எப்போதும் உடன் வைத்திருக்குமாறு செவிலியர் அறிவுறுத்துவார். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாது, பல வாரங்களில் படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்பதும் அவர் விளக்க வேண்டியது.