கடல் தாண்டித் தேடிய மலை... சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஜப்பானிய அமைதிக் கோபுரம்!

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிச் சாலைகளில் கார்களும் வேன்களும் வரிசை கட்டிவிடும். பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், நடுவில் பார்டர் பரோட்டா, திரும்பும் வழியில் நெல்லையில் இறங்கி அல்வா. பெரும்பாலான குடும்பங்களின் பயணத் திட்டம் இவ்வளவுதான். அருவிக்கு அடியில் தலையை நீட்டவே முண்டியடிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில், "பக்கத்துல கொஞ்சம் அமைதியா ஒரு இடம் இருக்காதா?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார்.

இருக்கிறது. கடையநல்லூர், எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி வழியாகச் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட வேண்டும். குற்றாலத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சங்கரன்கோவிலை ஒட்டிய கிராமப்புறத்தில் வீரிருப்பு என்று ஓர் ஊர். அங்கே, அருவியும் தோப்பும் இல்லாத வறண்ட வெளியில், வெள்ளை வெளேரென்று ஒரு ஸ்தூபி எழுந்து நிற்கிறது. அதுதான் உலக அமைதிக் கோபுரம். கட்டியவர்கள் ஜப்பானைச் சேர்ந்த நிப்பொன்சான் மியோஹோஜி என்ற பௌத்தத் துறவியர் அமைப்பினர்.

இது திறக்கப்பட்டது 2020 பிப்ரவரியில். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. திறப்பு விழா முடிந்த அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு வந்தது. நாடே கதவைச் சாத்திக்கொண்டதால், புதிதாகத் திறந்த ஓர் இடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் கூட்டமும் பேச்சும் இதற்குக் கிடைக்கவில்லை. ஒரு விதத்தில் அதுவும் நல்லதற்குத்தான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால், இதே அமைப்பு கட்டிய மற்றக் கோபுரங்கள் பலவும் சுற்றுலாப் பட்டியலில் ஏறிவிட்டன. பீகாரில் ராஜகிருக மலை உச்சிக்கு மக்கள் ரோப் காரில் போகிறார்கள். ஒடிசாவில் தவுளி, வடக்கே டார்ஜிலிங், லடாக்கில் லே என்று எங்கும் கேமராக்கள்தான். இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உனவட்டுன கடற்கரைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், சூரியன் மறைவதைப் பார்க்க ருமஸ்ஸல குன்றின் மேலுள்ள அமைதிக் கோபுரத்துக்கு ஏறிவிடுகிறார்கள். வீரிருப்பு இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை.

குண்டு விழுந்த மண்ணிலிருந்து

ஜப்பானியத் துறவிகள் ஊர் ஊராகப் போய் எதற்காக இப்படிக் கட்டுகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், 'நல்லா இருக்குல்ல' என்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட நேரும்.

இந்த அமைப்பைத் தொடங்கியவர் நிச்சிதாத்சு ஃபுஜி. 1885-ல் ஜப்பானின் குமமோட்டோ பகுதியில் பிறந்தவர். புத்தர் பிறந்த மண்ணில் பௌத்தம் மங்கிக் கிடக்கிறது, அதை அங்கே திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்ற வேகத்தில் 1931-ல் இந்தியாவுக்கு வந்தார். 1933-ல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை. ஆனால் ஃபுஜி தட்டிய கை முரசும், 'நா மு ம்யோ ஹோ ரென் கே கியோ' என்ற மந்திரமும் காந்திக்குப் பிடித்துப்போயின. 'தாமரைச் சூத்திரத்துக்கு வணக்கம்' என்பது அதன் பொருள். காந்தியின் ஆசிரமப் பிரார்த்தனையில் அந்த மந்திரமும் சேர்ந்தது. ஆசிரமத்தில் அவரை 'குருஜி' என்று அழைத்தார்கள். இன்றைக்கும் அவரது சீடர்களுக்கு அவர் ஃபுஜி குருஜிதான்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் விழுந்தன. மனிதர்கள் கட்டியதெல்லாம் ஒரு நொடியில் சாம்பலானதைப் பார்த்த நாட்டின் துறவி, இனி அமைதிக்காகக் கட்டுவதே தன் வேலை என்று முடிவு செய்தார். 1954-ல் சொந்த மண்ணான குமமோட்டோவில் முதல் அமைதிக் கோபுரம் எழுந்தது. ராஜகிருகத்தில் 1969-லும், தவுளியில் 1972-லும் கட்டினார்கள். தவுளி, கலிங்கப் போரோடு பிணைத்துப் பேசப்படும் இடம். அசோகரின் கல்வெட்டு இருக்கும் பாறைக்கு அருகிலேயே கோபுரத்துக்கு இடம் பிடித்தது தற்செயலாக இருக்க முடியாது.

ஃபுஜி குருஜி 1985 ஜனவரியில், தன் 99-வது வயதில் காலமானார். அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. உலகம் முழுக்க இப்போது சுமார் 80 அமைதிக் கோபுரங்கள் உள்ளன. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரியா என்று நீளும் அந்த வரிசையில் ஒன்றுதான் வீரிருப்பு.

இந்தத் துறவிகள் கட்டடத்தோடு நிற்பவர்களும் இல்லை; முரசைத் தட்டிக்கொண்டு நடப்பவர்கள். போலந்தில் நாஜிகளின் வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸிலிருந்து ஹிரோஷிமா வரை, 1994-ன் இறுதியில் தொடங்கி 1995 ஆகஸ்டு வரை பல மதத்தாரோடு சேர்ந்து ஒரு நடைப்பயணம் போனார்கள். போர் நடக்கும் இடங்களிலும் போய் உட்கார்ந்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1984-ல் யாழ்ப்பாணத்தில், அமைதிக்காகப் பிரார்த்தித்து வந்த இந்த மரபின் ஜப்பானியத் துறவி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ் படிக்கும் யாரும் அதைச் சுலபமாகக் கடந்துபோய்விட முடியாது. வெள்ளைச் சுவரில் சாய்ந்து அனுபவிக்கும் அமைதியின் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

மூடிய படகில் ஒரு பயணம்

இனி வருவது இன்னும் பழைய கதை. சங்கரன்கோவில் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே தெற்கே போனால், நேர்க்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டரில் பொதிகை. நமக்கு அது அகத்தியர் மலை. தாமிரபரணி பிறக்கும் மலை. தென்றல் புறப்படும் மலை.

ஜப்பானியருக்கு?

மகாயான பௌத்தத்தில் கருணையின் வடிவம் அவலோகிதேஸ்வரர். ஜப்பானில் அவர் பெயர் கன்னோன். அவர் வாழும் மலையின் பெயர் சமஸ்கிருதத்தில் போதலகம், ஜப்பானிய மொழியில் ஃபுதராகு. அது இந்தியாவின் தென்கோடியில், கடலை ஒட்டி இருக்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. ஜப்பானின் கிழக்குக் கடற்கரையில் நாச்சி என்ற இடத்திலிருந்து துறவிகள் அந்த மலையைத் தேடிப் படகேறினார்கள். சாதாரணப் படகு இல்லை. சிறு அறைபோலக் கூரை கட்டி, துறவி உள்ளே போனதும் வெளியிலிருந்து ஆணி அடித்து மூடிவிடுவார்கள். உள்ளே ஒரு மாதத்துக்கான உணவும் விளக்குக்கு எண்ணெயும் இருக்கும். படகைக் கடலில் இழுத்துப்போய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கி.பி. 868 முதல் 1722 வரை இருபது முறைக்கு மேல் இப்படி நடந்ததாக அங்குள்ள கோயில் மரபு சொல்கிறது. அந்தக் கோயிலின் பெயரே ஃபுதராகுசான்ஜி. அப்படிப் போன படகின் மாதிரி ஒன்றை அங்கே இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் தேடிய மலை எது? ஷூ ஹிகோசகா என்ற ஜப்பானிய ஆய்வாளர், தமிழகப் பௌத்தம் பற்றி 1989-ல் வெளிவந்த தன் நூலில், அது நம் பொதிகையே என்று வாதிட்டார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், சந்தன மரங்கள் நிறைந்த மலய மலைக்குக் கிழக்கே போதலக மலை இருக்கிறது என்றும், அதன் உச்சியில் கண்ணாடிபோலத் தெளிந்த ஏரியும் அதிலிருந்து பெருகித் தென்கடலில் கலக்கும் பேராறும் உண்டு என்றும் எழுதிவைத்திருக்கிறார். தாமிரபரணி பொதிகை மேலே பூங்குளத்தில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நெல்லைக்காரர்களுக்கு இதைப் படித்தால் சிலிர்க்காமல் இருக்காது.

யுவான் சுவாங் கேள்விப்பட்டதை எழுதினார், மலைக்கு நேரில் போகவில்லை. அதனால் இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் தமிழுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் 'வீரசோழியம்' என்ற இலக்கண நூலை எழுதினார். அகத்தியர் தமிழை அவலோகிதரிடம் கேட்டுக் கற்றார் என்கிறது அது. சிவனிடம் கற்றார் என்பதுதான் நமக்குப் பழக்கமான கதை. ஒரே பொதிகை, ஒரே அகத்தியர், குரு மட்டும் வேறு. சைவரும் பௌத்தரும் தமிழ் யாருடைய கொடை என்று உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். இப்படி ஒரு போட்டி இன்றைக்கும் நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

திபெத்தின் லாசா நகரில் தலாய் லாமாக்கள் வாழ்ந்த போதலா அரண்மனைக்குப் பெயர் வந்ததும் இந்த மலையிலிருந்துதான். சீனத்தின் கிழக்குக் கடலில் உள்ள புதுவோ ஷான் தீவுக்கும் அப்படியே. மலைக்குப் போக முடியாதவர்கள் பெயரைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வீரிருப்புக்கு வந்த துறவிகள் பொதிகையை மனதில் வைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் முரசு தட்டி ஓதும் தாமரைச் சூத்திரத்தின் 25-வது அத்தியாயம் முழுக்க அவலோகிதேஸ்வரரைப் பற்றியதுதான். ஆணியடித்த படகில் கிளம்பியவர்கள் யாரும் அந்த மலையை அடைந்ததாகச் செய்தி இல்லை. அவர்கள் நாட்டிலிருந்து வந்தவர்கள் இன்று அதே மலைத்தொடரின் அடிவாரச் சீமையில் முரசு தட்டுகிறார்கள்.

போகிறவர்களுக்கு...

வெயில் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ போவது நல்லது. இந்த மரபின் துறவிகள் அதிகாலையிலும் மாலையிலும் முரசு தட்டி வழிபடுவார்கள் என்பதால் அந்த வேளைகளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மந்திரம் புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஓரமாக உட்கார்ந்து கேட்டாலே போதும். ஓடியாடும் பிள்ளைகள்கூடச் சீரான அந்த முரசொலியில் கொஞ்ச நேரம் அடங்கி உட்காரும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்தூபியை வலமாகச் சுற்றி வாருங்கள். நம் கோயில் பிராகாரம் சுற்றுவதைப் போலத்தான். இத்தகைய அமைதிக் கோபுரங்களில் வழக்கமாகப் புத்தரின் பிறப்பு, ஞானம் பெற்றது, முதல் உபதேசம், மறைவு ஆகிய நான்கையும் நினைவூட்டுவார்கள். போனை சைலண்டில் போட்டுவிடுங்கள். வழிபாடு நடக்கும்போது துறவிகளைச் சுற்றி நின்று வீடியோ எடுப்பதைத் தவிர்க்கலாம். முகம் சுளிக்கமாட்டார்கள் என்பதற்காக எடுத்துவிடுவதும் சரியில்லை. கடைகளை நம்பிப் போகாமல் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஒரு நாளை ஒதுக்க முடிந்தால் காலையில் சங்கரநாராயணரைச் சேவித்துவிட்டுக் கிளம்பலாம். ஒரே திருமேனியில் பாதி சிவன், பாதி திருமால். யார் பெரியவர் என்ற சண்டையைத் தீர்க்கக் கோமதி அம்மன் தவமிருந்த கதையைத்தான் ஊரே ஆடித் தபசாகக் கொண்டாடுகிறது. புற்று மண் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. மதியம் சங்கரன்கோவில் பிரியாணி என்று முடிவெடுப்பவர்கள் கோயில் தரிசனத்தை முன்னால் முடித்துவிடுவது உத்தமம். மாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களும், எட்டாம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோயிலும் அங்கே இருக்கின்றன. சைவம், வைணவம், பௌத்தம், சமணம் நான்கும் ஒரே நாளில், ஒரே கரிசல் சீமையில்!

பொதிகை உச்சிக்கே போக நினைப்பவர்களுக்கு வழி கேரளப் பக்கம்தான். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு போனக்காட்டிலிருந்து, ஆண்டின் தொடக்க மாதங்களில், கேரள வனத்துறையின் அனுமதி வாங்கி ஏற வேண்டும். நம் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் நினைத்தபடி ஏற முடியாது. பாபநாசத்தில் தாமிரபரணியில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்கள் செங்கோட்டை ரயிலில் இரவு ஏறினால் விடியும் நேரத்துக்குச் சங்கரன்கோவிலில் இறங்கிவிடலாம். அந்த ரயிலுக்குப் பெயர் பொதிகை எக்ஸ்பிரஸ்.